அப்படி யாரும் இங்கே இல்லை

தபால்பெட்டிக் காவலர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்கிறீர்களா? கவலை வேண்டாம், அவர் உங்களைப் பார்த்திருக்கிறார். கீழ்த்தளத்தில் வரிசையாகத் தபால்பெட்டிகள் மாட்டிய எந்தக் குடியிருப்பிலும் இந்த இனத்தில் ஒருவராவது குடியிருப்பார். உங்கள் பெட்டிப் பக்கம் நீங்கள் போகும்போது மாடிப்படியில் ஒரு செருப்புச் சத்தம் பாதியில் நிற்கிறதா? அவர்தான். உங்களுக்கு வந்த கடிதத்தை நீங்களே எடுக்கும்போதும் திருடுகிற மாதிரி ஒரு கூச்சம் வருகிறதா? அதுவும் அவர் கைங்கரியம்தான்.

எங்கள் கட்டடத்தில் இந்தப் பொறுப்பை வகிப்பவர் ஏழாம் எண் வீட்டுக்காரர். ஒரு மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு மாத்திரை அட்டை இடம் மாறினாலும் இவருக்கு மூக்கில் வியர்த்துவிடுமாம். இப்போது கிடங்கு இல்லை. காவல் காத்துப் பழகிய அந்தக் கண்கள் இரண்டும் ஒரு சின்னத் தகரப் பெட்டியின் மேல் வந்து குத்திட்டு நின்றுவிட்டன. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு மாமா. அவர் காதில் விழாத தூரத்தில் பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறோம்.

பெயருக்குக் காரணம் உண்டு. பெட்டியோடு வந்த பூட்டைக் குடிவந்த அன்றே கேலி செய்தார். "இதுக்கு ஒரு ஹேர்பின் போதும், குழந்தைகூடத் திறந்துடும்" என்று சொல்லி, மனைவியின் ஹேர்பின் ஒன்றை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வரை முயன்றார். திறக்கவில்லை. ஆனால் கொள்கை கொள்கைதானே? அதைக் கழற்றி எறிந்துவிட்டு எண் பூட்டு ஒன்று வாங்கி மாட்டினார். யாரும் ஊகிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, வீட்டு எண், பழைய வீட்டு எண் எல்லாவற்றையும் ஒதுக்கி, தனக்குச் சுத்தமாகச் சம்பந்தமே இல்லாத ஓர் எண்ணைத் தேடிப் பிடித்தார். சம்பந்தமே இல்லாத அந்த எண் அடுத்த வாரமே அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ரம்பத்தோடு வந்து அந்தப் பூட்டை அறுத்தார். நாங்கள் நாலைந்து பேர் அந்த வழியாகப் போனோம், வந்தோம், சிரித்தோம். அறுத்து முடித்துவிட்டுத்தான் வெடித்தார்.

"ஒருத்தன் நடுப்பகல்ல பெட்டியை ரம்பம் போட்டு அறுக்கிறான். ஒருத்தராவது 'யாருய்யா நீ'ன்னு கேட்டீங்களா?"

"உங்க பெட்டிதானே சார்?" என்றேன்.

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

நான் என் பெட்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மேலே போனேன்.

கடைசியில் சாவிப் பூட்டையே வாங்கி மாட்டினார். பூட்டுக்குப் பிறகு வாய். பெட்டியின் வாயில் கை நுழையும், கம்பி நுழையும், கம்பி முனையில் பசை தடவினால் கடிதம் ஒட்டிக்கொண்டு வெளியே வரும் என்று எங்கோ படித்தார். படித்த கையோடு வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிவந்து அந்த வாயில் இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தார். இப்போது உள்ளே கை போகாது. கம்பி போகாது. கடிதமும் போகாது. கொஞ்சம் தடித்த உறை எது வந்தாலும், தபால்காரர் பெரிய மனது வைத்து, ஊரே பார்க்கும்படி பெட்டியின் தலையில் வைத்துவிட்டுப் போவார். மற்ற பெட்டிகளில் எல்லாம் தபால் உள்ளே இருக்கும். அவர் பெட்டியில் மட்டும் பாதுகாப்பு உள்ளே, தபால் வெளியே.

அவர் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பயம் நியாயமானதுதான். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பல் டாக்டருடைய கடிதத்தை எவனோ எடுத்து, அதிலிருந்த விவரங்களை வைத்து அவர் பெயரில் ஒரு போன் இணைப்பு வாங்கிவிட்டான். நடந்தது அவ்வளவுதான். பூட்டு மாமா முதல்முறை சொன்னபோது போனோடு ஒரு மோட்டார் சைக்கிளும் சேர்ந்தது. பிறகு அது கார் ஆனது. நல்ல மழைக்காலத்தில், படியில் ஒதுங்கி நின்ற எங்களுக்குச் சொன்னபோது வீடு ஒன்றும் வாங்கியாகிவிட்டது. போன மாதம் கடைசியாகக் கேட்டேன். பல் டாக்டர் பெயரிலேயே அந்தத் திருடனுக்குக் கல்யாணமும் நடந்து முடிந்திருந்தது.

இந்த இனத்தாரின் வீட்டுக்குள் போனால் கூடத்தில், டிவி இருக்க வேண்டிய இடத்தில், காகிதம் கிழிக்கும் இயந்திரம் வீற்றிருக்கும். எங்கள் மாமா தினமும் மாலையில் அதன் முன்னால் உட்காருவார். வங்கிக் கடிதம், கரண்டு பில், தண்ணீர் பில், போன் பில், மெத்தைக் கடை விளம்பரம், எது வந்தாலும் படித்து, கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு, பெயரும் முகவரியும் உள்ள எல்லாவற்றையும் நூல் நூலாகக் கிழிப்பார். ஆன்லைன் பில் வாங்கலாமே என்றால், "அது திருடனுக்கு நானே வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிற மாதிரி" என்பார். கிழித்ததை அப்படியே குப்பையில் போட்டால் எவனாவது பொறுமையாக ஒட்டிவிடுவானாம்! ஆகவே அதைப் பழைய காபித்தூளோடு பிசைந்து இரண்டு பைகளில் பிரித்து, ஒன்றை இந்தத் தெருவிலும் இன்னொன்றை அந்தத் தெருவிலும் போடுவார். ஒருமுறை தம் மைத்துனர் மகளின் கல்யாண அழைப்பிதழையும் கிழித்துவிட்டார்.

"ஏங்க, கல்யாணம் என்னைக்குங்க?" என்று கேட்டார் அவர் மனைவி.

"கவர்ல நம்ம முழு முகவரி இருந்துச்சு, தெரியுமா?"

"அது சரி, கல்யாணம் என்னைக்கு?"

இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் வேறு யாருக்கோ கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

காவலர் என்றால் சந்தேகப்பட ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அதற்கு வாய்த்தவர் கீழ்த்தளத்துக் கணக்கு டீச்சர். அவரும் ஓய்வு பெற்றவர். பெட்டிகளுக்கு நேர் எதிரே அவர் வாசல். காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பார். "படிக்கிறதெல்லாம் சும்மா. யாருக்கு என்ன வருதுன்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறாங்க" என்பது மாமாவின் கட்சி. டீச்சரைக் கடக்கும்போதெல்லாம் கையிலுள்ள கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொள்வார்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் கட்டடத்தில் போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே இடம் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால்தான். மாமா தம் கணக்கில் யாராவது கைவைத்துவிட்டார்களா என்று விசாரிக்க வங்கிக்கு அடிக்கடி போன் போடுவார். எங்கே நின்று? அங்கே நின்றுதான். எதிர்முனையில் இருக்கும் பெண்ணுக்குச் சரியாகக் கேட்காது. ஆகவே இவர் கத்துவார். பிறந்த தேதியைக் கத்துவார். அப்பா பெயரை எழுத்து எழுத்தாகக் கத்துவார். 'முதலில் வளர்த்த நாயின் பெயர் என்ன' என்ற ரகசியக் கேள்விக்கு ரகசிய பதிலையும் கத்துவார். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கே அது கேட்டிருக்கிறது. கத்தி முடித்துவிட்டு, போனை அணைத்துவிட்டு, டீச்சரை ஒரு முறை முறைப்பார். பிறகு கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மேலே போவார்.

போன வருடம் அவருக்கு ஒரு ஞானோதயம். பெட்டியில் ஏன் பெயர் இருக்க வேண்டும்? பெயர் இருந்தால் திருடனுக்குப் பாதி வேலை மிச்சமில்லையா? பெட்டியில் இருந்த பெயரைச் சுரண்டினார். வீட்டுக் கதவில் இருந்த பலகையைக் கழற்றினார். அடையாள அட்டைகளை எல்லாம் வங்கி லாக்கரில் கொண்டுபோய் வைத்தார். வீட்டில் சட்டம் ஒன்று போட்டார். வாசலில் யார் வந்து யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்ல வேண்டும்: "அப்படி யாரும் இங்கே இல்லை."

அவர் மகளுக்கு அப்போதுதான் வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் ஆய்வுக்கூட வேலை கிடைத்திருந்தது. நல்ல பெண். இங்கே ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துக் கண் சிவக்க வந்தாலும் படியில் பார்ப்பவரை எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் மேலே போவாள். இந்த வேலைக்காக எத்தனை தேர்வு எழுதினாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். விசாவுக்குப் போன அவள் பாஸ்போர்ட் பதிவுத் தபாலில் திரும்பி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விமானம். திங்கட்கிழமை அங்கே போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பெட்டி கட்டியாகிவிட்டது, தோழிகளிடம் சொல்லியாகிவிட்டது, பாஸ்போர்ட்தான் பாக்கி.

மாமா அந்த வாரம் முழுவதும் ஜன்னலை விட்டு நகரவில்லை. "நீ கவலைப்படாதே கண்ணு. என்னைத் தாண்டி ஒரு காகிதம் போகாது" என்றார். அதில் மட்டும் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் பழைய வேலையிடத்தில் விடைபெறப் போயிருந்தாள். சரியான மழை. வழக்கமான தபால்காரர் விடுப்பில் போயிருந்ததால் புதியவர் ஒருவர், சீருடைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, ஏழாம் எண் கதவைத் தட்டினார். நான் எதிர்வீடு, கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை அப்படிப் பார்க்கப் பழக்கியவரும் மாமாதான்.

வந்தவர் மகளின் பெயரைச் சொல்லி, "இந்த வீடுதானே சார்?" என்று கேட்டார்.

"கேக்கிறது யாரு?"

"தபால் சார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்."

"அடையாள அட்டை?"

காட்டினார். மாமா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"போட்டோவுல மீசை இருக்கு."

"எடுத்துட்டேன் சார்."

"ஏன் எடுத்தீங்க?"

மழையில் நனைந்து நிற்கும் மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

"சார், இந்தப் பேர்ல இங்க ஆள் இருக்காங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "அப்படி யாரும் இங்கே இல்லை."

வந்தவர் உறையின் மேல் அதையே எழுதிக்கொண்டு இறங்கிப் போனார். மாமா உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னது எங்கள் வீடு வரை கேட்டது.

"இப்பதான் ஒருத்தனைத் துரத்தினேன். எவ்வளவு தைரியம் பாரு, தபால்காரன் வேஷம் போட்டுக்கிட்டு வந்துட்டான்!"

"யாரைக் கேட்டான்?"

"நம்ம பொண்ணைத்தான். முழுப்பேரும் தெரிஞ்சு வெச்சிருக்கான்!"

உள்ளே ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கையில என்னங்க வெச்சிருந்தான்?"

"தடியா ஒரு கவரு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழுந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அந்த அம்மா அதுவரை ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஓடிப் பார்த்தார்கள், தபால் நிலையம் மூடியிருந்தது. சனிக்கிழமை காலை என் காரில் போனோம். அப்பா முன்னால், மகள் பின்னால். அவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கவுன்டரில் இருந்த பெண் அதிகாரி உறையை எடுத்துவந்தார். எங்கள் கண் எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் அது இருந்தது.

"இது மத்தியானம் வண்டியில அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போகுது. இந்த முகவரியிலதான் இருக்கீங்கன்னு ஏதாவது காட்டுங்க, கொடுத்துடுறேன்."

எதைக் காட்டுவது? மகளின் மருத்துவமனை அட்டையில் படம் இருந்தது, முகவரி இல்லை. முகவரியோடு அவளிடம் இருந்த ஒரே அட்டை லாக்கரில். அப்பாவின் அட்டையும் லாக்கரில். சனிக்கிழமை அந்த வங்கி திறப்பதில்லை.

"ஒரு கரண்டு பில்லு? வங்கியிலேர்ந்து வந்த லெட்டர்?"

மாமா குனிந்து காலடியில் இருந்த பையைத் தூக்கிக் கவுன்டர் மேல் வைத்தார். உள்ளே நூல் நூலாகக் காகிதம். காபி வாசனை.

"என்ன சார் இது?"

"கரண்டு பில்லு. தண்ணி பில்லும் இருக்கும். நேரம் கொடுத்தீங்கன்னா ஒட்டிடலாம்."

அந்த அதிகாரி பையை ஒரு விரலால் தள்ளிவைத்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. நேத்து இந்த வீட்டுல ஒரு பெரியவர் 'அப்படி யாரும் இங்கே இல்லை'ன்னு தெளிவா சொல்லியிருக்கார். அவர் பேச்சை நம்பாம உங்களை எப்படி நம்புறது?"

"அந்தப் பெரியவர் நான்தாம்மா!"

"நீங்கன்னா யாரு?"

வாழ்நாள் முழுவதும் தன் பெயரை எவனும் திருடிவிடாமல் காத்த மனிதர், அதை இப்போது எடுத்துக் காட்ட வழியில்லாமல் நின்றார். பின்னால் நின்ற மகள் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். அந்த நிமிடம் வரை எனக்கு அவர் மேல் கோபம்தான். அவர் தன் சட்டைப்பையைத் தடவித் தடவிப் பார்த்தாரே, ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் தடவினாரே, அதைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது.

"அதே கட்டடத்துல இருக்கிறவங்க யாராவது அவங்க அட்டையோட வந்து, இவங்களைத் தெரியும்னு கையெழுத்துப் போட்டாலும் போதும்" என்றார் அதிகாரி. நான் பாய்ந்து என் ஓட்டுநர் உரிமத்தை நீட்டினேன். அதில் பழைய வீட்டு முகவரி. மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். போன் போட்டோம். என் வீட்டில் எடுக்கவில்லை. மேல்வீட்டில் எடுக்கவில்லை. சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒருவர்தானே?

கணக்கு டீச்சர் வாடகைக் காரில் வந்து இறங்கினார், அடையாள அட்டையும் கரண்டு பில்லும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக.

"இவரை உங்களுக்கு நல்லாத் தெரியுமாம்மா?" என்றார் அதிகாரி.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஆரம்பித்தார். மாமாவின் பிறந்த தேதி, அவர் அப்பா பெயர் எழுத்து எழுத்தாக, அம்மா பிறந்த ஊர், போன் எண், எந்த வங்கி, எந்தக் கிளை, மகளின் பிறந்த தேதி, அவர் வளர்த்த முதல் நாயின் பெயர் 'கமிஷனர்' என்பது வரை நிறுத்தாமல் வந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"போதும்மா, போதும்!" என்றார் அதிகாரி.

மாமா பேயறைந்தவர்போல் நின்றார். "டீச்சர்... இதெல்லாம் உங்களுக்கு எப்படி?"

"எப்படியா? நீங்கதானே சார் வாரா வாரம் என் வாசல்ல நின்னு சொல்றீங்க! கதவைச் சாத்திக்கூடப் பார்த்துட்டேன்." பிறகு டீச்சர் அவர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "கார்டு நம்பரும் தெரியும். சுத்தி ஆளுங்க இருக்காங்கன்னு சொல்லல" என்றார்.

பாஸ்போர்ட் கிடைத்தது. மகள் முதலில் டீச்சரைக் கட்டிக்கொண்டாள். அப்புறம், கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்பாவையும். ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினாள். இப்போது அங்கே அவள் வீட்டுத் தபால்பெட்டியில் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அப்பாவுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை.

அவர் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? இந்த இனம் திருந்தாது, தெளியும். ஏழாம் எண் பெட்டியின் மாற்றுச் சாவி இப்போது டீச்சரிடம் இருக்கிறது. "எல்லாம் தெரிஞ்சவங்ககிட்ட இனிமே எதை ஒளிக்கிறது?" என்கிறார். கடைசியாக வந்த கரண்டு பில் ஒன்றைக் கிழிக்காமல் வைத்திருக்கிறார், ஆனால் மூன்று உறைகளுக்குள். வங்கிக்குப் பேசுவதை மட்டும் மொட்டைமாடிக்கு மாற்றிவிட்டார். அங்கே சிக்னல் இன்னும் மோசம். கமிஷனரை இப்போது எதிர்க் கட்டடத்துக் குழந்தைகளுக்கும் தெரியும்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்கள் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது, தபாலை அன்றன்றே எடுத்துவிடுகிறீர்கள், வேண்டாத காகிதத்தைக் கிழித்துத்தான் போடுகிறீர்கள், எல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் விவரமானவர், இந்த இனத்தைச் சேர்ந்தவரே அல்ல. ஒன்றே ஒன்றுதான். நேற்று பேருந்தில் என் முன் இருக்கையில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வங்கிக்குப் போன் பேசிக்கொண்டே வந்தவர் ஒருவேளை நீங்களாக இருந்தால், சொல்லாமல் இருக்க முடியவில்லை: உங்கள் முதல் நாய்க்கு வைத்த பெயர் ரொம்ப நன்றாக இருக்கிறது.